வைக்கோல் சர்க்கரையில் லாக்டோபேசில்லஸ் வளர மறுக்கிறது: எங்கே பார்ப்பது?

தாளடி எழுதியது:

வணக்கம். முதுநிலை ஆய்வுக்காக நெல் வைக்கோலிலிருந்து சர்க்கரை எடுத்து, அதை லாக்டிக் அமிலமாக்க முயல்கிறேன். சர்க்கரை வரைக்கும் வந்துவிட்டேன். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்ற கதையாக, லாக்டோபேசில்லஸ் என்ற லாக்டிக் அமில பாக்டீரியா அதைத் தொடவே மாட்டேன் என்கிறது.

செய்முறை இதுதான். அரைத்த வைக்கோல் ஒரு பங்கு, 1 சதவீதக் கந்தக அமிலம் பத்துப் பங்கு. அழுத்தக் கலனில் 160 டிகிரியில் 20 நிமிடம். வடிகட்டினால் கரும்பழுப்பான சாறு கிடைக்கிறது. அதில் பெரும்பாலும் சைலோஸ். இதை ‘அமிலச் சாறு’ என்கிறேன். திடப்பொருளை அமிலம் போகும்வரை நன்றாகக் கழுவி, 105 டிகிரி அடுப்பில் இரவு முழுவதும் உலர்த்தி, எடை போட்டு, மறுபடி பொடியாக்கி, செல்லுலோஸை உடைக்கும் நொதியில் இடுகிறேன். சிட்ரேட் கரைசல், பி.எச். 4.8, 50 டிகிரி, 72 மணி நேரம், திடப்பொருள் 5 சதவீதம். இதில் வருவது ‘நொதிச் சாறு’. கழுவிய திடப்பொருளில் செல்லுலோஸ் 52 சதவீதம்.

நொதிச் சாற்றில் டி.என்.எஸ். என்ற நிறமாற்ற முறைப்படி லிட்டருக்கு 21 கிராம் சர்க்கரை. அதே மாதிரியை, சேர்மங்களைத் தனித்தனியே பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. கருவியில் பார்த்தால் குளுக்கோஸ் 14 கிராம்தான். எதை நம்புவது?

பெரிய சிக்கல் அடுத்தது. அமிலச் சாற்றைக் கால்சியம் கார்பனேட்டால் பி.எச். 6-க்குக் கொண்டுவந்து, ஈஸ்ட் சாறும் மற்ற ஊட்டங்களும் சேர்த்து விதை, அதாவது வளர்த்த பாக்டீரியா, இட்டேன். வளரவில்லை. சர்க்கரை சிதைந்து உண்டாகி நுண்ணுயிரைத் தடுக்கும் ஃபர்ஃப்யூரல் இருக்கும், எதிர்பார்த்ததுதான். ஆனால் நொதிச் சாற்றிலும் வளரவில்லை. அதே விதையைச் சுத்தமான குளுக்கோஸில் இட்டால் மறுநாள் காலையில் குடுவை கலங்கி நிற்கிறது.

முன்பதப்படுத்தலை அமிலத்திலிருந்து காரத்துக்கு மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறேன். வழிகாட்டி எதிர்பார்ப்பது லிட்டருக்கு 80 கிராம் லாக்டிக் அமிலம். இப்போதைய நிலையில் அந்த எண்ணை நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது.

---

நுண்ணுலகு எழுதியது:

அமிலச் சாற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 160 டிகிரியில் சைலோஸின் ஒரு பகுதி ஃபர்ஃப்யூரலாகவும், குளுக்கோஸின் ஒரு பகுதி ஹைட்ராக்ஸிமெத்தில் ஃபர்ஃப்யூரலாகவும் சிதைந்திருக்கும். சைலோஸ் வந்த ஹெமிசெல்லுலோஸின் அசிட்டைல் தொகுதிகள் கழன்று அசிட்டிக் அமிலம் ஆகியிருக்கும். நாரை இறுக்கிப் பிணைக்கும் லிக்னினிலிருந்து ஃபீனால் வகைச் சேர்மங்களும் வந்திருக்கும்.

கால்சியம் கார்பனேட்டுக்குப் பதிலாகச் சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு போட்டு பி.எச். 10 வரை ஏற்றுங்கள். 50, 60 டிகிரி வெப்பத்தில் அரை மணி வைத்து, படிந்த ஜிப்சத்தை வடித்துவிட்டு, பிறகு பி.எச். 6-க்கு இறக்குங்கள். ஃபர்ஃப்யூரல் கணிசமாகக் குறையும். சர்க்கரையிலும் கொஞ்சம் போகும், அதனால் முன்னும் பின்னும் அளந்துகொள்ளுங்கள். ஃபீனால் வகைகளைக் கழிக்கச் செயலூட்டிய கரி நல்லது. சாற்றின் நிறம் வெளுப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

சுண்ணாம்பு அசிட்டிக் அமிலத்தைத் தொடாது. ஆனால் பி.எச். 6-இல் அது பெரும்பாலும் அயனியாகப் பிரிந்துவிடும். செல்லுக்குள் நுழைந்து கெடுப்பது பிரியாத அமிலம்தான் என்பதால் அதற்காக இப்போதே கவலைப்பட வேண்டாம்.

---

கொதிகலன் எழுதியது:

முன்னோட்ட ஆலையில் முன்பதப்படுத்தல் பிரிவில் வேலை பார்ப்பவன் நான். உங்கள் பதிவில் ஒரு வரி மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. நொதிச் சாற்றிலும் வளரவில்லை என்ற வரி.

திடப்பொருளை நன்றாகக் கழுவியிருக்கிறீர்கள். அதில் ஃபர்ஃப்யூரல் மிச்சம் இருந்தாலும் 105 டிகிரி அடுப்பில் ஓர் இரவு இருந்தபின் தங்காது. அப்படியானால் நொதிச் சாற்றைக் கெடுத்தது வைக்கோலிலிருந்து வந்ததாக இருக்க வாய்ப்புக் குறைவு. நீங்கள் கையால் சேர்த்த ஏதோ ஒன்றாக இருக்க வேண்டும். நொதிக் கட்டத்தில் வேற்றுக் கிருமி வராமலிருக்க ஏதாவது போட்டீர்களா? நொதிச் சோதனைக்குப் பல ஆய்வகங்கள் பின்பற்றுவது அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தின் செய்முறை. அதன் பழைய வடிவத்தில் டெட்ராசைக்ளினும் சைக்ளோஹெக்ஸிமைடும் சேர்க்கச் சொல்லியிருக்கும். சர்க்கரையை அளப்பதற்காக மட்டும் எழுதப்பட்ட செய்முறை அது. அந்தச் சாற்றை இன்னோர் உயிருக்குத் தீனியாகப் போடுவார்கள் என்று கருதி எழுதப்பட்டதல்ல. சைக்ளோஹெக்ஸிமைடு ஈஸ்டைத் தடுக்கும், உங்கள் பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. டெட்ராசைக்ளின் பாக்டீரியாவைத் தடுக்கும் மருந்து, அதன் கதை வேறு.

உறுதிசெய்ய எளிய வழி உண்டு. வைக்கோல் இல்லாமல், சிட்ரேட் கரைசல், நொதி, வழக்கமாகச் சேர்க்கும் எல்லாமும் போட்டு, அதே 50 டிகிரியில் 72 மணி நேரம் வையுங்கள். பிறகு அதில் சுத்தமான குளுக்கோஸும் ஊட்டங்களும் சேர்த்து விதை இடுங்கள். வளராவிட்டால் வைக்கோல் நிரபராதி.

அடுத்து டி.என்.எஸ். கணக்கு. குளுக்கோஸை மட்டும் தேடிப் பிடிக்கும் முறை அல்ல அது. ஒடுக்கும் முனை உள்ள எதைக் கண்டாலும் நிறம் மாறும். சைலோஸ், இரண்டு குளுக்கோஸ் இணைந்த செல்லோபயோஸ் எல்லாம் அதில் சேரும். அமிலச் சாற்றிலோ சர்க்கரை அல்லாத சில சிதைபொருள்கள்கூட எண்ணைக் கூட்டிக் காட்டும். ஆகவே இரண்டு எண்களும் அவற்றின் அளவில் சரியே, அளக்கும் பொருள்தான் வேறு. ஹெச்.பி.எல்.சி. வரைபடத்தில் குளுக்கோஸுக்கு முன்னால் செல்லோபயோஸின் முகடு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் உங்கள் நொதிக் கலவையில் அதைக் குளுக்கோஸாக உடைக்கும் பீட்டா குளுக்கோசிடேஸ் போதவில்லை என்று பொருள். செல்லோபயோஸ் தேங்கினால் அதுவே மற்ற நொதிகளின் வேலையையும் மந்தமாக்கும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். செல்லுலோஸ் உடையும்போது ஒவ்வோர் அலகுக்கும் ஒரு நீர் மூலக்கூறு சேர்வதால் 162 கிராம் 180 கிராமாகிறது. லிட்டருக்கு 50 கிராம் திடப்பொருள், அதில் 52 சதவீதம் செல்லுலோஸ் என்றால் 26 கிராம். முழுவதும் உடைந்தால் கிட்டத்தட்ட 29 கிராம் குளுக்கோஸ். உங்களுக்கு வந்தது 14. பாதி செல்லுலோஸ் குளுக்கோஸாக மாறாமல் கிடக்கிறது.

அதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது 105 டிகிரி அடுப்பை. முன்பதப்படுத்தல் என்பதே நார்ச் சுவரில் நொதி நுழையும் அளவுக்குத் துளைகளைத் திறந்துவிடும் வேலை. அந்தத் துளைகளைத் திறந்தபடி தாங்கி நிற்பது உள்ளே இருக்கும் நீர். நீரை முற்றாக விரட்டினால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும். பிறகு எவ்வளவு ஊறவைத்தாலும் பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்பாது. கழுவிய திடப்பொருளை உலர்த்தாதீர்கள். பிழிந்து, ஈரத்தோடு மூடிய பையில் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். ஒரு சிட்டிகை மட்டும் தனியே எடுத்து அடுப்பில் உலர்த்தி ஈர அளவைக் கண்டுபிடியுங்கள். அந்தச் சிட்டிகை நொதிக்குள் போகக் கூடாது.

நீங்கள் முதலில் இவற்றுக்குப் பதில் சொல்லுங்கள், 80 கிராம் இலக்கைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

---

தாளடி எழுதியது:

மிக்க நன்றி, ஐயா. ஆய்வகத்தில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த செய்முறைத் தாளில் டெட்ராசைக்ளின் இருக்கிறது. நீங்கள் சொன்ன வெற்றுச் சோதனையைச் செய்தேன். வைக்கோலே இல்லாத கரைசலிலும் வளரவில்லை. டெட்ராசைக்ளின் சேர்க்காத குடுவையில் நன்றாக வளர்ந்தது. வரைபடத்தில் செல்லோபயோஸ் முகடும் இருக்கிறது.

அமிலச் சாற்றைச் சுண்ணாம்பு ஏற்றி இறக்கியபின் நான்கில் ஒரு பங்காக நீர்த்தால் வளர்கிறது. நீர்க்காவிட்டால் இல்லை. நீர்த்தால் சர்க்கரையும் நீர்த்துப்போகிறதே!

இரண்டு கேள்விகள். சைலோஸை விட்டுவிட்டுக் குளுக்கோஸை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன? இவ்வளவு சிரமத்துக்கு ஈஸ்டை வைத்து எத்தனால் செய்வது எளிதாக இருக்காதா?

---

கொதிகலன் எழுதியது:

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். 180 கிராம் குளுக்கோஸைக் கொடுத்தால் ஈஸ்ட் அதிகபட்சம் 92 கிராம் எத்தனால் தரும். மிச்சம் 88 கிராம் கரியமில வாயுவாகக் காற்றில் போய்விடும். அதே 180 கிராமிலிருந்து லாக்டிக் அமிலம் 180 கிராம் கிடைக்கும், கணக்குப்படி ஓர் அணுவும் வீணாகாது. தாவரம் சர்க்கரைக்குள் கட்டிவைத்த ஆக்சிஜனை எத்தனாலில் தூக்கி எறிகிறோம், லாக்டிக் அமிலத்திலும் சக்சினிக் அமிலத்திலும் அதையே பொருளின் பகுதியாக விற்கிறோம். வைக்கோலை வேதிப்பொருளாக்க வேண்டும் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான். எரிப்பதற்காகச் செய்கிற பொருளோடு போட்டியிட இவ்வளவு பாடுபட்டு எடுத்த சர்க்கரை போகக் கூடாது.

லாக்டிக் அமிலத்துக்கும் ஒரு பாரம் உண்டு. அமிலம் சேரச் சேர பாக்டீரியா நின்றுவிடும் என்பதால் சுண்ணாம்பு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் கால்சியம் லாக்டேட்டிலிருந்து அமிலத்தை மீட்கக் கந்தக அமிலம் ஊற்ற வேண்டும். 180 கிராம் லாக்டிக் அமிலத்துக்கு 172 கிராம் ஜிப்சம் விழும். ஏறக்குறைய டன்னுக்கு டன். ஆய்வேட்டில் இதைப் பற்றி ஒரு பக்கமாவது எழுதுங்கள். பலர் சொல்லாமல் தாண்டிவிடுகிறார்கள்.

சைலோஸை விட்டுவிடலாமா என்றால், நெல் வைக்கோலில் செல்லுலோஸ் 36 சதவீதம், சைலோஸ் தரும் சைலான் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு 400 கிராம் குளுக்கோஸும் 227 கிராம் சைலோஸும் கணக்கில் வரும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சைலோஸ். அதை விட்டால் முதலுக்கே மோசம்.

இங்கேதான் என் அடிப்படைக் கருத்து வருகிறது. நீங்கள் வைக்கோலில் தொடங்கி முன்பதப்படுத்தல், நொதி, நுண்ணுயிர், பொருள் என்று முன்னோக்கி நடக்கிறீர்கள். நான் பின்னோக்கி நடக்கச் சொல்வேன். எந்தப் பொருள், அதைச் செய்யும் நுண்ணுயிர் எது, அது எந்தச் சர்க்கரையைத் தின்னும், எந்த வெப்பத்தில் வாழும், எதைத் தாங்கும், எதைத் தாங்காது. இதைத் தீர்மானித்துவிட்டால் முன்பதப்படுத்தலைத் தேர்ந்தெடுப்பது பாதி முடிந்த மாதிரி. அமிலமா காரமா நீராவியா என்ற கேள்வியைத் தனியாக எடுத்து வாதாடிக்கொண்டிருந்தால் முடிவே வராது.

லாக்டோபேசில்லஸ் இனங்கள் பல சைலோஸைத் தொடாது. தொடுகிற சிலவும் அதைப் பாதியில் பிளந்து ஒரு பங்கு லாக்டிக், ஒரு பங்கு அசிட்டிக் என்று தரும். 150 கிராம் சைலோஸுக்கு 90 கிராம்தான் உங்கள் பங்கு. பேசில்லஸ் கோயாகுலன்ஸைப் பாருங்கள். இப்போது ஹெய்ண்ட்ரிக்ஸியா கோயாகுலன்ஸ் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், சேகரிப்பு மையங்களில் இரண்டு பெயரிலும் தேடுங்கள். இதன் நல்ல வகைகள் சைலோஸையும் பெண்டோஸ் பாஸ்பேட் என்ற வேதிப் பாதை வழியே கொண்டுபோய் ஏறக்குறைய முழுவதையும் லாக்டிக் அமிலமாக்கும். எனக்கு மிகவும் பிடித்தது அதன் வெப்பநிலை. 50 முதல் 55 டிகிரியில் செழித்து வளரும். உங்கள் நொதியும் 50 டிகிரியில்தான் நன்றாக வேலை செய்கிறது. இரண்டையும் ஒரே கலனில் போடலாம். நொதி சர்க்கரையை விடுவிக்க விடுவிக்கப் பாக்டீரியா தின்றுவிடும். குளுக்கோஸும் செல்லோபயோஸும் தேங்கி நொதியைத் தடுக்க இடமே இல்லை. அந்த வெப்பத்தில் வேற்றுக் கிருமிகளில் பெரும்பாலானவை நிலைக்காது என்பதால் டெட்ராசைக்ளின் தேவையும் போய்விடுகிறது.

இனி அமிலமா காரமா என்று கேளுங்கள். பாக்டீரியா இரண்டு சர்க்கரையையும் தின்னும் என்றால், சைலானைத் தனியே பிரித்தெடுத்து 160 டிகிரியில் சிதைக்க வேண்டிய தேவை இல்லை. 1 அல்லது 2 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு, 121 டிகிரி. லிக்னினும் சிலிகாவும் கரைந்து போகும். அசிட்டைல் தொகுதிகளும் கழன்றுவிடும். சைலானில் பெரும்பகுதி செல்லுலோஸோடு தங்கும். ஃபர்ஃப்யூரல் உருவாகாது. நொதிக் கலவையில் சைலானை உடைக்கும் சைலனேஸ் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆய்வகத்தில் இது உங்களுக்குச் சரியான வழி. ஆலையில் அப்படியே செய்ய முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கரைந்த லிக்னினும் காரமும் சேர்ந்த அந்தக் கருஞ்சாற்றைக் காய்ச்சிக் காரத்தை மீட்காவிட்டால் செலவு தாங்காது. காய்ச்சினால் வைக்கோலின் சிலிகா குழாய்களின் உட்புறத்தில் கல்லாகப் படியும். வைக்கோலில் காகிதம் செய்த ஆலைகள் எல்லாம் இதோடு போராடியவைதான்.

80 கிராம் இலக்கு இப்போது கணக்குக்குள் வருகிறது. 5 சதவீதத் திடப்பொருளில் என்ன செய்தாலும் வராது. 18, 20 சதவீதம் வேண்டும். 20 சதவீதத்தில் கலனுக்குள் எட்டிப்பார்த்தால் நீரே தெரியாது. ஈரமான மரத்தூள் குவியல் மாதிரி இருக்கும், கலக்கியின் இலை ஓரிடத்தில் குழி தோண்டிக்கொண்டு சும்மா சுற்றும். ஒரேயடியாகப் போடாதீர்கள். 8 சதவீதத்தில் தொடங்கி, நொதி நாரை அறுத்துக் குழம்பு நீர்த்து ஓடத் தொடங்கியதும் அடுத்த பங்கைப் போடுங்கள். எப்போது போடுவது என்று கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், கலக்கியின் மின்னோட்டத்தைப் பாருங்கள். அது இறங்கினால் குழம்பு தளர்ந்துவிட்டது.

---

மண்வாசி எழுதியது:

வேதியியல் எனக்குத் தெரியாது, மண்ணியல் படித்தவள். இத்தனை கணக்கிலும் வயலின் பக்கம் யாரும் எழுதவில்லை என்பதால் குறுக்கிடுகிறேன். நெற்பயிர் எடுத்துக்கொள்ளும் பொட்டாசியத்தில் பெரும்பகுதி வைக்கோலில்தான் நிற்கிறது. மண்ணின் கரிமச் சத்துக்கும் அதுதான் வரவு. ‘கழிவு’ என்று நீங்கள் பெயர் வைத்த பொருளை எரிக்காமல் உழுதால் அது மண்ணுக்கு உணவு. எரிக்கப்படும் வைக்கோலை எடுப்பதற்கு நான் எதிரியல்ல. ஆனால் ஒவ்வொரு பருவமும் மொத்தத்தையும் வாரிக்கொண்டு போனால், நாலு ஆண்டில் மண்ணிடம் கேட்டால் வேறு பதில் சொல்லும்.

---

கொதிகலன் எழுதியது:

மண்வாசி சொல்வது ஆலைக்கும் பொருந்தும். அந்தப் பொட்டாசியமும் மற்ற சாம்பல் உப்புகளும் நாம் ஊற்றும் அமிலத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். 1 சதவீதம் என்று ஊற்றினாலும் வைக்கோலுக்குள் வேலை செய்வது அதற்குக் குறைவு. கழுவு நீரில் வெளிவரும் பொட்டாசியத்தை வயலுக்குத் திருப்ப வழி செய்யாத திட்டத்தை நான் முழுமையானதாக ஏற்க மாட்டேன். எவ்வளவு வைக்கோலை வயலில் விட வேண்டும் என்பதை மண்ணைச் சோதித்து உங்களைப் போன்றவர்கள்தான் சொல்ல வேண்டும், ஆலை முதலாளி சொல்லக் கூடாது.

எடுப்பது என்று வந்துவிட்டால் வேறு வகைச் சிரமம் தொடங்குகிறது. 2013இல் இத்தாலியின் கிரெஸ்சென்டினோ, 2015இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டூபான்ட், 2021இல் ருமேனியாவின் போடாரியில் கிளாரியன்ட் என்று பயிர்க் கழிவிலிருந்து எத்தனால் செய்யும் பெரிய ஆலைகள் திறந்தன. முதல் இரண்டும் 2017இல் நின்றன, மூன்றாவதை 2023இல் மூடினார்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் காரணங்கள் உண்டு. வணிக முடிவுகளும் அதில் அடக்கம். ஆனால் இந்தத் துறையில் யாரைக் கேட்டாலும் முதலில் பேசுவது வாயிலில் வந்து இறங்கும் கட்டுகளைப் பற்றித்தான். ஓரிரு மாதத்தில் அறுவடையாகும் பொருளை ஆண்டு முழுவதும் நனையாமல், மக்காமல், தீப்பிடிக்காமல் வைக்க வேண்டும். அதோடு மண். கட்டோடு வரும் மணலும் வைக்கோலின் சொந்தச் சிலிகாவும் திருகு ஊட்டியின் விளிம்பை அரித்துவிடும். புதிதாகப் போட்ட உருக்குத் திருகின் இலைகள் கத்திபோல மெலிந்து வெளியே வருவதைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. வேளாண் கழிவிலிருந்து வேதிப்பொருள் என்பது நேற்றைய கனவல்ல. அமெரிக்காவின் சீடர் ராபிட்ஸில் குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம் 1922இலேயே ஓட்ஸ் உமியிலிருந்து ஃபர்ஃப்யூரல் தயாரித்து விற்கத் தொடங்கியது. தாளடி விரட்டப் பார்க்கிற அதே ஃபர்ஃப்யூரல். மக்காச்சோள மணியை உதிர்த்தபின் மிஞ்சும் கதிர்த் தண்டிலிருந்து சைலோஸ் எடுத்துச் சைலிட்டால் ஆக்கும் தொழிலும் பெரிய அளவில் நடக்கிறது. உமியும் தண்டும் மணியோடு சேர்ந்தே ஓரிடத்துக்கு வந்துவிடுகின்றன, கரும்புச் சக்கையும் அப்படித்தான். யாரும் வயல்வயலாகப் போய்ச் சேகரிக்க வேண்டியதில்லை. அடுத்த கட்ட ஆய்வுக்கு மூலப்பொருளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு இருந்தால், இதை யோசியுங்கள்.

---

தாளடி எழுதியது:

மூலப்பொருளை மாற்ற முடியாது, ஆய்வுத் தலைப்பிலேயே நெல் வைக்கோல் இருக்கிறது. மற்றதை மாற்றுகிறேன். காரத்தில் பதப்படுத்தி, உலர்த்தாமல், பேசில்லஸ் கோயாகுலன்ஸை வைத்து ஒரே கலனில் செய்யப் போகிறேன். வழிகாட்டியும் ஒப்புக்கொண்டார். மண்வாசி சொன்னதை ஆய்வேட்டின் முன்னுரையில் ஒரு பகுதியாகவே எழுதுகிறேன். கழுவு நீரின் பொட்டாசியத்தையும் அளக்கப் போகிறேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. நொதிக்கு பி.எச். 4.8, பாக்டீரியாவுக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டுமே. யார் பக்கம் சாய்வது?

---

கொதிகலன் எழுதியது:

5.5-இல் தொடங்குங்கள். நொதி கொஞ்சம் வேகம் குறையும், ஆனால் சர்க்கரை தேங்காததால் அந்த இழப்பில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். சிட்ரேட் கரைசல் வேண்டாம், உண்டாகும் அமிலத்துக்கு அது ஈடுகொடுக்காது. கால்சியம் ஹைட்ராக்சைடு குழம்பைத் தானியங்கியாகச் சொட்டவிடுங்கள். காரத்தில் பதப்படுத்திய திடப்பொருளைக் கழுவியபின் மேல்நீரின் பி.எச். 7 காட்டினாலும் நம்பாதீர்கள். நாரின் உள்ளே காரம் ஒளிந்திருக்கும். கலனில் போட்டு ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தால் ஏறியிருக்கும். நொதி ஊற்றுவதற்கு முன்பே அதைச் சரிசெய்துவிடுங்கள்.